களிப்புக்கு மதில் எழுப்புவதா?

(கள்ளக்குறிச்சி வட்டாரத் தமிழன்பர்களிடையே ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)

  

அரிசி விலை ஏறினால் ஊர் பேசுகின்றது. எண்ணெய் விலை ஏறினால் வீட்டுக்கு வீடு முணுமுணுப்பு எழுகின்றது. பேருந்துக் கட்டணம் ஏறினால் சாலையில் மறியல் நடக்கின்றது. ஆனால் ஒரு குழந்தை இராட்டினத்தில் ஏறுவதற்கும், நீர்ச்சறுக்கில் வழுக்கி விளையாடுவதற்கும், யானையையும் அரிமாவையும் கண்ணாரக் காண்பதற்கும் வைக்கப்பட்ட விலை ஏறும்பொழுது ஒருவரும் வாய் திறப்பதில்லை. ‘அது பணம் படைத்தவர் பாடு, ஏழைக்கு அங்கே என்ன வேலை?’ என்று ஏழையே சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றான். விலை ஏறியது ஒரு கேடு. அந்த விலைக்கு முன்னால், தனக்கு அங்கே இடமில்லை என்று உழைப்பவனே ஒப்புக்கொண்டுவிட்டது அதனினும் பெரிய கேடு. அந்த ஒப்புதலைப் பற்றியதே இவ்வுரை.

வாயில் விலையும் நாட்கூலியும்

விலை என்பது தனியே நிற்கும் எண் அன்று. வாங்குபவனின் கூலியோடு வைத்துப் பார்க்கும்பொழுதே அது பெரிதா, சிறிதா என்பது விளங்கும்.

செங்கற்பட்டு மாவட்டத்தில், திருப்போரூரை அடுத்த இள்ளலூரில், 64 ஏக்கர் பரப்பில், 611 கோடி உருபாச் செலவில், வண்டர்லா என்னும் நிறுவனம் ஒரு களியாட்டப் பூங்காவை அமைத்து, 2025 திசம்பர் 2-ஆம் நாள் மக்களுக்குத் திறந்தது. கொச்சியில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிப் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் புவனேசுவரத்திலும் கிளைத்த நிறுவனம் அது. இங்கே அதன் நுழைவுச் சீட்டு 1,489 உருபாவிலிருந்து தொடங்கும் என அறிவிக்கப்பட்டது.

அதே 2025-26-ஆம் ஆண்டுக்கு, ஊரக வேலைத் திட்டத்தின்கீழ்த் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 உருபா. கல்வராயன் மலையடிவாரத்தில் மண்வெட்டியும் கூடையுமாக வெயிலில் நிற்கும் ஒரு தாய், நான்கு நாள் முழுக்க உழைத்தாலும் அந்த ஒரு சீட்டை வாங்க இயலாது. ஐந்தாம் நாளும் அவள் களத்தில் நிற்றல் வேண்டும். கணவனும் மனைவியும் மட்டும் உள்ளே போவதற்கு 2,978 உருபா. ஏறத்தாழ ஒன்பது நாட் கூலி. குழந்தைகளுக்குச் சற்றுக் குறைத்தே வாங்கினாலும், அவர்களையும் சேர்த்தால் கணக்கு இருமடங்கை நெருங்கும். ஆண்டுக்கு மிகுதியாக நூறு நாள் என்று அப்பொழுது வரையறுக்கப்பட்டிருந்த வேலையில், ஒரு பகற்பொழுதின் விளையாட்டுக்கு ஆறில் ஒரு பங்கை எவர் கொடுப்பார்? கள்ளக்குறிச்சியிலிருந்து அங்குப் போய்வரும் செலவும் உள்ளே உண்ணும் செலவும் இதில் சேரவில்லை.

பூங்கா நடத்துபவர் தீயவர் என்பது இதன் பொருள் அன்று. பல மாடி உயரத்தில் மாந்தரைச் சுழற்றி இறக்கும் பொறிகளுக்கு நாள்தோறும் ஆய்வு வேண்டும்; நீரைத் தூய்மை செய்தல் வேண்டும்; பயிற்சி பெற்ற பணியாளர் வேண்டும். அவற்றில் ஒரு காசு குறைத்தாலும் உயிருக்குக் கேடு. விலை ஒன்று இருந்தே தீரும் என்பதை மறுப்பாரில்லை. அந்த விலை யாரை உள்ளே அழைக்கின்றது, யாரை வெளியே நிறுத்துகின்றது என்பதே இங்கு வினா.

நொடிப்புக் காலத்தில் விலை ஏறுவது ஏன்?

வாங்குவோர் குறைந்தால் விலையும் குறையும் என்பது சந்தையின் எளிய பாடம். தக்காளி விலை போகாவிட்டால் மாலையில் பாதி விலைக்குத் தள்ளிவிடுகின்றனர். ஆனால் களியாட்டப் பூங்காக்கள் இப்பாடத்துக்கு மாறாக நடப்பதை உலகம் கண்டிருக்கின்றது.

2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வீட்டுக் கடன் முறை குலைந்து, வைப்பகங்கள் சரிந்து, உலகம் முழுவதும் பொருளியல் நொடிப்புப் பரவியது. 2009 அக்தோபரில் அந்நாட்டில் வேலை தேடி நின்றோர் பத்து விழுக்காட்டை எட்டினர். அந்த ஆண்டுகளில், புளோரிடாவில் உள்ள டிசுனி உலகின் ஒரு நாள் நுழைவு விலை என்ன ஆயிற்று? 2008-இல் 75 டாலர்; 2009-இல் 79; 2010-இல் 82. நாடு இறங்கிய பொழுது வாயில் விலை ஏறியது.

இது எவ்வாறு இயலும்? கரணியம் இரண்டு. ஒன்று, பூங்காவின் செலவில் பெரும்பகுதி நிலைச்செலவு. ஆயிரம் பேர் வந்தாலும் பத்தாயிரம் பேர் வந்தாலும் பொறி சுழல வேண்டும். மின்னாற்றலுக்கும் சம்பளத்துக்கும் கடன் வட்டிக்கும் பணம் கட்டியாக வேண்டும். வருவோர் குறைந்தால் அச்செலவு எஞ்சியோர் தலையில் விழுகின்றது. இரண்டு, நொடிப்பு எல்லாரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. முதலில் வேலை இழப்பவன் கூலியாள், அடுத்துச் சிறுகடைக்காரன். மேல்தட்டில் இருப்பவனுக்கு நொடிப்பு நாளிதழில் வரும் செய்தி மட்டுமே. ஆகவே வணிகன், வராமற்போன ஏழையை மீண்டும் அழைக்க விலையைக் குறைப்பதை விட, இன்னும் வந்துகொண்டிருக்கும் செல்வனிடம் கூடுதலாக வாங்குவதே ஆதாயம் என்று கணக்கிடுகின்றான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. அதே 2009-இல் டிசுனி, பிறந்த நாளன்று வருவோர்க்கு இலவய நுழைவு என்று விளம்பரம் செய்தது. சலுகையைக் கொடுக்கலாம், வேண்டாதபொழுது திரும்பப் பெறலாம். பலகையில் எழுதிய விலையையோ ஒருமுறை இறக்கிவிட்டால் மறுபடி ஏற்றுவது கடினம். ஆதலால் சலுகை வந்து வந்து போகும். விலை மட்டும் ஏறியே நிற்கும். விழாக் காலத் தள்ளுபடியில் மயங்கும் மக்கள் இதை உணர்தல் வேண்டும்.

நெடுங்கால ஓட்டத்தையும் காண்க. 1955-இல் கலிபோர்னியாவில் டிசுனிலாந்து திறக்கப்பட்ட பொழுது நுழைவு ஒரு டாலர். அவ்வாண்டு அக்தோபரில், நுழைவுடன் எட்டு விளையாட்டுகளுக்குமான சீட்டுப் புத்தகம் 2.50 டாலருக்கு விற்கப்பட்டது. அன்று அமெரிக்க நடுவணரசு வகுத்த கடைநிலைக் கூலி மணிக்கு 75 சென்று. ஏறத்தாழ மூன்றரை மணி நேர உழைப்பில் ஒருவன் அதை வாங்கலாம். 2025 அக்தோபரில் அங்கே நெரிசல் மிக்க நாளின் விலை 224 டாலர் ஆயிற்று. அவ்வாண்டில் கலிபோர்னியாவின் கடைநிலைக் கூலி மணிக்கு 16.50 டாலர். இன்று எல்லா விளையாட்டும் அவ்விலையில் அடக்கம் என்பது உண்மையே. ஆயினும் மூன்றரை மணி நேர உழைப்பு பதின்மூன்றரை மணி நேர உழைப்பாக வளர்ந்துவிட்டது. செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே உழைப்பவன் வாயிலிலிருந்து இவ்வளவு தொலைவு தள்ளப்பட்டான் என்றால், கூலிநாடாகிய இங்கே என்னாகும்?

அரசின் வாயிலிலும் அதே கணக்கு

தனியார் வணிகம் அவ்வாறே இருக்கும் என்று விட்டுவிடலாம். ஆனால் பொதுமக்களின் சொத்தாகிய இடத்திலும் அதே கணக்கு நுழைந்துவிட்டது.

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் சென்னைச் சுற்றுலா என்றால் முதலில் கேட்பது அதைத்தான். 2020-இலும் 2021-இலும் மகுடை நோய் பரவிய காலத்தில் அப்பூங்கா மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. வாயிலில் ஒரு காசும் வரவில்லை. ஆனால் புலிக்கு ஊனும் யானைக்குத் தழையும் நாள்தோறும் வேண்டும். காப்பாளர்க்குச் சம்பளம் வேண்டும். 2021 சூனில் அரிமாக்களையே அந்நோய் தொற்றி உயிர்ப்பலி வாங்கியது. வாயில் வருவாயை நம்பி ஒரு பொது நிலையத்தை நடத்தினால் நோய்க்காலத்தில் என்னாகும் என்பதற்கு அதுவே சான்று.

பின்னர் 2023-இல், பெரியவர்க்கான நுழைவுக் கட்டணம் 115 உருபாவிலிருந்து 200 உருபாவாக உயர்த்தப்பட்டது. நான்கில் மூன்று பங்கு ஏற்றம். அந்த 2023-24-ஆம் ஆண்டில் ஊரக வேலைத் திட்டக் கூலி நாளொன்றுக்கு 294 உருபா. அஃதாவது, அரசு தரும் கூலியில் மூன்றில் இரண்டு பங்கை, அரசின் இன்னொரு துறை தன் வாயிலில் திரும்ப வாங்கிக்கொள்கின்றது. நோயால் வேலை இழந்து, கடன்பட்டு, அப்பொழுதுதான் தலைதூக்கிய குடும்பங்களிடம் அந்தச் சுமை இறக்கப்பட்டது.

வண்டலூரைப் பேணப் பணம் வேண்டும், ஐயமில்லை. ஆனால் அப்பணத்தை வாயிலில் நிற்பவனிடமிருந்து மட்டுமே பெற வேண்டும் என்று வகுத்தது யார்? நூலகத்தை வாயிலில் விலை வைத்தா நடத்துகின்றனர்? புலியைக் காப்பது நாட்டின் கடமை என்றால், அதன் செலவும் நாட்டின் பொதுச் செலவே.

ஊர்ச்செலவும் சீட்டு விலையும்

தமிழர் தம் களிப்பை எவ்வாறு நடத்தினர் என்பதை எண்ணிப் பாருங்கள். தென்னார்க்காடும் வடார்க்காடும் தெருக்கூத்தின் தாய்நிலங்கள். கள்ளக்குறிச்சி, திருக்கோவலூர், உளுந்தூர்ப்பேட்டைச் சிற்றூர்களில், பாரதக் கூத்து வைக்க வேண்டும் என்றால் ஊர் கூடி வீட்டுக்கு இவ்வளவு என்று வரி எழுதும். உள்ளவன் மிகுதியாகத் தருவான். இல்லாதவன் விறகோ தேங்காயோ தருவான். அதுவும் இல்லாதவன் பந்தற்கால் நடுவான். கூத்தர்க்குக் கூலியும் சோறும் ஊரே தரும். கூத்து நடக்கும் களத்துக்கு வாயிலும் இல்லை; சீட்டும் இல்லை. பாய் விரித்தவனும் வெறுந்தரையில் அமர்ந்தவனும் விடியும்வரை ஒரே கூத்தைக் கண்டனர். செலவு ஊருடையது, களிப்பும் ஊருடையது.

ஆனால் பழமையைப் போற்றும்பொழுது அதன் கறையை மறைத்தல் அறமன்று. அந்தக் களத்துக்கு மதில் இல்லையே தவிர, சாதிக்கோடு இருந்தது. சேரி மக்கள் எட்ட நின்று பார்த்த ஊர்கள் எத்தனை! வரி வாங்கியபின்னும் ஒதுக்கி நிறுத்திய கொடுமை எவ்வளவு! இருபதாம் நூற்றாண்டில் திரைப்படக் கொட்டகை வந்தது. கையில் காசு உள்ளவன் எவனாயினும் சீட்டு வாங்கி உள்ளே போனான். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கண்ட முதற்பொது அரங்கு திரைக் கொட்டகையே என்று ஈழத்துப் பேரறிஞர் கா. சிவத்தம்பி 1981-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் எடுத்துக் காட்டினார். தரைச் சீட்டென்றும் நாற்காலிச் சீட்டென்றும் உள்ளே வேறுபாடு இருந்தது. ஆயினும் வாயிலில் எவனையும் ‘நீ யார்?’ என்று கேட்கவில்லை.

ஆகவே நுழைவுச் சீட்டு என்பது பிறவிப் பகை அன்று. அது சாதிக்கோட்டை அழித்த கருவியாகவும் இருந்தது. அதற்குக் கரணியம், அதன் விலை உழைப்பவன் கைக்கு எட்டியதே. சீட்டின் விலை ஒரு வேளைக் கூலிக்குள் நின்றவரை அது வாயில்; நான்கு நாட் கூலியைத் தாண்டிவிட்டால் அதுவே மதில். பழைய கோடு பிறப்பைக் கேட்டது. புதிய மதில் பணப்பையைக் கேட்கின்றது. பிறப்பால் தாழ்த்தப்பட்டவனே பெரும்பாலும் பணத்தாலும் தாழ்த்தப்பட்டவன் ஆகலின், புறத்தே நிறுத்தப்படுபவன் பழைய ஆளே. மாறியது காவலன் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

அடைக்கப்பட்ட வாயிலும் திறந்து கிடக்கும் வாயிலும்

‘பசிக்கின்ற நாட்டில் ஊஞ்சல் ஒரு கேடா?’ என்று சிலர் கேட்கலாம். உழைத்துக் களைத்த உடல் ஓய்வையும் உள்ளம் களிப்பையும் நாடுவது இயற்கை. நல்ல களிப்பின் வாயில் அடைபட்டால் அந்த நாட்டம் அழிந்துவிடாது. வேறு வாயிலைத் தேடும்.

ஒரு பழைய வரலாறு இதற்குத் துணை நிற்கும். 1937 அக்தோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குக் கொண்டுவரப்பட்டது. மதுவிலக்கு விரிந்தபொழுது குறைந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் பொது விற்பனை வரி பிறந்தது. சென்னை மாகாணக் களியாட்ட வரிச் சட்டமும் அதே 1939-இல் வந்ததே. கட்டாய இந்தியைப் புகுத்திய அதே இராசகோபாலாச்சாரியார் அமைச்சரவையின் காலம் அது. இந்தித் திணிப்பை மறந்தோர் இல்லை. ஆயினும் வரலாற்றின் இந்தப் பக்கத்தையும் அறிதல் வேண்டும். கள்ளுக்கடை மூடியது; நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் வரி விழுந்தது. இன்றோ நிலை தலைகீழ். 2003-இலிருந்து மதுவின் சில்லறை விற்பனையையே அரசு நேரில் நடத்துகின்றது. அங்கே நுழைவுச் சீட்டு இல்லை, மதில் இல்லை, உழைப்பவனின் அன்றைய கூலிக்கு எட்டும் விலையில் சரக்கு இருக்கின்றது.

அதற்கும் கீழே இன்னொரு வாயில் உண்டு. 2024 சூனில், கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில், நச்சுச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் கலந்த நஞ்சு அது. மாண்டோரிற் பெரும்பாலோர் அன்றாடங்காய்ச்சிகள். ஒரே தெருவில் பிணங்கள் வரிசையாகக் கிடத்தப்பட்ட காட்சியை இந்நகர் மறவாது. களியாட்டப் பூங்கா இல்லாததால் அவர்கள் மாண்டனர் என்று சொல்வது பேதைமை. சாராயம் காய்ச்சியவனும், கலந்தவனும், கண்டும் காணாதிருந்தவனுமே குற்றவாளிகள். ஆனால் ஒன்றைக் கேட்டே ஆகவேண்டும்: மாலையில் வேலை முடித்து வரும் அந்த மாந்தனுக்கு, தன் மனைவி மக்களோடு போய் அமர ஒரு நல்ல பூங்கா, ஒரு விளையாட்டுத் திடல், ஒரு கூத்துக் களம் அந்நகரில் எத்தனை இருந்தன? அவன் கூலிக்கு எட்டிய களிப்பு எது? இந்த வினாவுக்கு விடை சொல்லாமல் குடிப்பவனை மட்டும் ஏசுவது அறிவுடைமை ஆகாது.

வரிவிலக்கின் பயன் யாருக்கு?

விலை ஏற்றத்தைப் பற்றிப் பேசும்பொழுது வரியைப் பற்றியும் பேசுதல் வேண்டும். 2017 சூலை முதல் நாளில் சரக்கு சேவை வரி வந்தபொழுது, களியாட்டப் பூங்காக்களின் நுழைவுக்கு 28 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. 2018 சனவரி 25 முதல் அது 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதனோடு தமிழ்நாட்டில் உள்ளாட்சிகளுக்கான களியாட்ட வரியும் 2017-இல் தனிச்சட்டமாக வந்தது. இள்ளலூர்ப் பூங்காவுக்கு அந்தப் பத்து விழுக்காட்டு உள்ளாட்சி வரியிலிருந்து பத்து ஆண்டுகளுக்கு விலக்களிக்கப்பட்டது.

தொழில் வளர விலக்களிப்பது தவறன்று. வேலைவாய்ப்பு வரும் என்பதும் பொய்யன்று. ஆயினும் விட்டுக்கொடுக்கப்பட்ட வரி எவன் பணம்? உள்ளாட்சியின் பணம், ஊரின் பணம். ஊர் தன் பங்கை விட்டுக்கொடுத்தால், அந்த ஊருக்குத் திரும்ப வருவது என்ன? பழைய கூத்துக் களத்தில் ஊர் வரி கொடுத்தது. ஊர் கண்டு களித்தது. இங்கே ஊர் வரியை விட்டுக்கொடுக்கின்றது. ஊரார் மதிலுக்கு வெளியே நிற்கின்றனர்.

இதற்கு முன்னும் இது நேர்ந்தது. 2006-ஆம் ஆண்டில், தமிழில் பெயர் வைக்கும் திரைப்படங்களுக்குக் களியாட்ட வரியிலிருந்து முழு விலக்கு என்று தமிழ்நாட்டரசு அறிவித்தது. தமிழன்பர் மகிழ்ந்தனர், மகிழத்தக்கதே. பலகைகளில் தமிழ்ப் பெயர்கள் மின்னின. ஆனால் வரி இல்லாத படத்துக்கு வரி இல்லாத விலையை வாயிலிலே கேட்டுப் பெறும் விழிப்பு மக்களிடம் இருந்ததா? விலக்கை அளித்த ஆணையில், சீட்டின் விலையும் அந்த அளவுக்கு இறங்கியதா என்று ஆண்டுதோறும் பார்க்கும் ஏற்பாடு வேண்டாவா? தமிழுக்கென்று தரப்பட்ட சலுகை தமிழனின் கைக்கு வந்து சேர்தல் வேண்டும். பெயர் மட்டும் தமிழாகிப் பயன் பிறர்க்குப் போவது, பானையில் பெயர் வெட்டிவிட்டுச் சோற்றைப் பறிகொடுத்த கதையாகும்.

கல்வராயன் மலையின் வாயில்

இனி, இந்த மண்ணுக்கே வருவோர் கண்முன் ஓங்கி நிற்பது கல்வராயன் மலை. கள்ளக்குறிச்சி, சேலம் முதலிய மாவட்டங்களில் பரந்து கிடக்கும் அம்மலையில் வெள்ளிமலையும் கரியாலூரும் உள்ளன. மேகம் அருவியும் பெரியார் அருவியும் வீழ்கின்றன. அடியிலே கோமுகி அணை தேங்கி நிற்கின்றது. எந்தப் பொறியாளனும் அமைக்காத நீர்ச்சறுக்கு; எந்த முதலாளியும் நடாத சோலை. ஏழையின் பிள்ளை காசின்றிக் குளிக்கத்தக்க களியாட்டப் பூங்கா அதுவே.

ஆனால் அம்மலைக்கு வாயிலும் காவலும் புதியன அல்ல. மூன்று சாகீர்தார்களின் பிடியில் நெடுங்காலம் அம்மலை கிடந்தது. மலையாளிகள் எனப்படும் மலைவாழ் தமிழ் மக்கள், தாம் பிறந்த மண்ணிலேயே சாகீர்தாருக்கு வெட்டி வேலை செய்து கிடந்தனர். நாடு விடுதலை பெற்றது 1947-இல். சாகீர் ஒழிப்புக்கான சட்டம் வந்தது 1963-இல். மலை மெய்யாகவே அரசின் ஆளுகைக்குள் வந்தது 1976-இல். விடுதலைக்குப் பின்னும் ஒரு தலைமுறைக் காலம் அவர்கள் தம் மலையிலேயே அயலாராக இருந்தனர். 2024-இன் நச்சுச் சாராயக் கொடுமைக்குப் பிறகே, அம்மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் முறைமன்றம் தானே முன்வந்து ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. சாலையும் பிற அடிப்படை வசதிகளும் பற்றி அரசைக் கேட்டது. மாவட்டம் தனியாகப் பிரிந்து 2019 நவம்பரில் தலைநகர் கள்ளக்குறிச்சிக்கே வந்துவிட்ட பின்னும் நிலை இதுவென்றால், மலைக்கும் சமவெளிக்கும் இடையே இருக்கும் தொலைவு கி.மீ. கணக்கில் அளக்கத்தக்கதன்று.

இன்று சுற்றுலா வளர்ச்சி என்ற சொல் மலையேறிக்கொண்டிருக்கின்றது. வளர்ச்சி வேண்டும். நல்ல சாலையும் கழிப்பிடமும் தடுப்புக் கம்பியும் மருத்துவ வசதியும் வேண்டும். ஆனால் அருவிக்கு ஆட்டலைக் கணக்கில் விலை வைத்து, ஆண்டுதோறும் அதை ஏற்றி, கடைசியில் கூலியாளை அடிவாரத்திலேயே நிறுத்திவிடும் வளர்ச்சி வேண்டா. கோவைக் குற்றாலம் போன்ற இடங்களில் காட்டுத்துறை நுழைவுக் கட்டணம் வாங்குவது நடைமுறை. காட்டின் தூய்மைக்கும் காவலுக்கும் அது ஓரளவு துணைசெய்யும். எனினும் ஒரு முறை வைத்த வாயில், நொடிப்பு வந்தாலும் நோய் வந்தாலும் ஏறுமே தவிர இறங்காது என்பதை டிசுனியும் வண்டலூரும் காட்டிவிட்டன.

செய்யத்தக்கன

குறை கூறி அமைவது தமிழியக்கத்தின் வழியன்று. ஆகவே கேட்டுப் பெறத்தக்கவற்றை வரிசைப்படுத்துதல் வேண்டும்.

முதலாவது: வரிவிலக்குப் பெறும் எந்தக் களியாட்டப் பூங்காவும், விலக்கின் அளவுக்கு ஈடாக, ஆண்டில் குறித்த சில நாள்களை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கூலித் தொழிலாளர் குடும்பங்களுக்கும் திறந்துவிடுதல் வேண்டும். கூட்டம் குறைந்த வார நாள்களில் எப்படியும் சுழலும் பொறிகளில் இவர்களை ஏற்றுவதால் செலவு பெருகாது. இது இரவல் கேட்பதன்று. ஊர் விட்டுக்கொடுத்த வரியின் பயனைக் கேட்பது.

இரண்டாவது: வண்டலூர் போன்ற பொது நிலையங்களின் நுழைவுக் கட்டணம் நாட்கூலியில் கால்பங்கைத் தாண்டலாகாது என்று வரையறை செய்தல் வேண்டும். எஞ்சிய செலவைப் பொது வருவாயிலிருந்து தருதல் வேண்டும். நொடிப்புக் காலத்திலும் நோய்க்காலத்திலும் விலையேற்றம் அறவே கூடாது. அந்த ஆண்டுகளில்தான் மக்கட்கு ஆறுதல் மிகுதியாகத் தேவைப்படுகின்றது.

மூன்றாவது: கல்வராயன் மலை அருவிகளில் கட்டணம் வாங்கியே ஆகவேண்டும் எனில், அதை ஆளுக்கு வாங்காமல் மகிழுந்துக்கு வாங்குதல் வேண்டும். பேருந்தில் வருபவனும் நடந்து வருபவனும் காசின்றிப் போகட்டும். அந்த வருவாயில் உரிய பங்கு மலையூர்ப் பள்ளிக்கும் மருத்துவ மனைக்கும் சேரட்டும். காவலும் கடையும் வழிகாட்டும் பணியும் மலைமக்களுக்கே உரியனவாகட்டும்.

நான்காவது: ஒவ்வோர் ஊராட்சியும் ஒரு விளையாட்டுத் திடலையும் ஒரு கூத்துக் களத்தையும் பேணுதல் வேண்டும். எந்தச் சாதிக்கோடும் இல்லாத களம் அது. அங்கே எல்லாரும் ஒரே தரையில் அமர்தல் வேண்டும். கூத்தர்க்கு ஊராட்சியே மதிப்புடன் கூலி தருதல் வேண்டும்.

ஐந்தாவது: இவ்விடங்களின் பலகையிலும் சீட்டிலும் எச்சரிக்கைக் குறிப்பிலும் தமிழ் முதலிடம் பெறுதல் வேண்டும். ‘உயரம் குறைந்தோர் ஏறற்க’ என்னும் அறிவிப்பு அயல்மொழியில் மட்டும் இருந்தால், அது மொழிச் சிக்கல் மட்டுமன்று. படிக்கத் தெரியாத தாயின் குழந்தைக்கு உயிர்ச் சிக்கல்.

இவை ஐந்தும் வானத்து மீன்கள் அல்ல. ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து கேட்டால் கிடைப்பன சில. மாவட்ட ஆட்சியரிடம் முறையிட்டால் கிடைப்பன சில. சட்டமன்றம் வரை போய்ப் பெறத்தக்கன சில. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னே ஒன்று வேண்டும். ‘அங்கே ஏழைக்கு என்ன வேலை?’ என்னும் சொல்லை ஏழையின் வாயிலிருந்து அகற்றுதல் வேண்டும்.

பெருமக்களே! களிப்பு செல்வரின் உடைமை அன்று. மண்வெட்டி பிடித்த கைக்கு ஊஞ்சற் கயிறும் உரியது. மூட்டை சுமந்த தோளில் குழந்தையை ஏற்றிக்கொண்டு திருவிழாப் பார்க்கும் உரிமை கூலியாளுக்கும் உண்டு. அரிசிக்கு விலை ஏறினால் கேட்கும் அதே குரலில் இதையும் கேளுங்கள். அடுத்த ஊராட்சிக் கூட்டம் கூடும் நாளில், சாலையும் குடிநீரும் கேட்டு எழுதும் தாளிலேயே, பிள்ளைகளுக்கு ஒரு திடல் என்று நான்காவது வரியாக எழுதுங்கள். அந்த ஒரு வரியில் தொடங்கட்டும் மதிலின் முதற்கல் பெயர்தல்!